வீட்டுக்கு ஓராள்

ஒவ்வொரு பெரிய விண்மீன் திரளின் நடுவிலும் ஒரு மீப்பெருங் கருந்துளை உண்டு. அதன் நிறை பல இலட்சம் சூரியன்களின் நிறைக்கு ஒப்பாகும்; சில திரள்களில் பல கோடிச் சூரியன்களுக்கும் ஒப்பாகும். கருந்துளை தானாக ஒளிர்வதில்லை. அதனை நோக்கி விழும் வளியே, அதாவது வாயுவே, தன்னுள் உராய்ந்து, சூடேறி ஒளிர்கிறது. ஒளி வந்துசேர நெடுங்காலம் ஆவதால், மிகத் தொலைவிலுள்ள திரள்களை நாம் அவற்றின் இளமைக் கோலத்தில் காண்கிறோம். அங்கே இவ்வொளி, திரளின் அத்தனை விண்மீன்களையும் மங்கச் செய்யும் அளவுக்குக் கடுமையானது. அருகிலுள்ள திரள்களிலோ பெரும்பாலான கருந்துளைகள் இருண்டு, அடங்கி, செயலற்றுக் கிடக்கின்றன.

இவ்வாறு செயலற்றுக் கிடப்பதற்குக் காரணம் யாது?

இவ்வினாவிற்குக் கடைமடைப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் குழந்தையும் எழுந்து நின்று ஒரே சொல்லில் விடை கூறும். அவ்விடை: நாங்கள்.

கடைமடை என்பது அருகிலுள்ள ஒரு சிறு திரளின் கருந்துளையைத் தொலைவில் நின்று சுற்றிவரும் வளைய வடிவக் குடியிருப்பு ஆகும். அதனை நிறுவியோர் ஆற்றுப் பாசனப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள். அணை, மதகு, வாய்க்கால் ஆகியவற்றோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பொறியாளர்களும் உழவர்களும் அவர்களுள் அடங்குவர். திரளின் நடுப்பகுதியில் ஒரு பெரும் வளியோட்டம் கருந்துளையை நோக்கிச் சரிந்து வருவதை அவர்கள் கண்டனர். மக்கள் அப்போதுதான் குடியேறத் தொடங்கியிருந்த உலகங்கள் திரளின் வெளிப்புறத்தில் இருந்தன. அவற்றுக்கு மேற்கரை என்று பெயர். வளி முழுவதும் வந்து விழுந்தால் கருந்துளை விழித்துக்கொள்ளும், அதன் கதிர்வீச்சு மேற்கரையைப் பொசுக்கிவிடும் என்று கணக்கிட்டனர். ஆகவே வளியோட்டத்தின் குறுக்கே ஏழு காந்த மடைகளைக் கட்டினர். மடை மூடியிருக்கும்போது வளி அதில் மோதித் திரும்பி, வேறு பாதையில் விலகிச் செல்லும். வெள்ளத்தைத் தடுத்துப் பழகியவர்களுக்கு இது இயல்பான சிந்தனையே.

மடைகளை இயந்திரங்களின் பொறுப்பில் விட முடியவில்லை. மோதும் வளி கக்கும் கதிர், நுண்சுற்றுகளைச் சில நாள்களிலேயே எரித்துவிடும். மனிதர்கள் அதைவிட நீண்டகாலம் தாங்கினர். எனவே பழைய குடிமராமத்து வழக்கம் புதிய இடத்தில் உயிர்பெற்றது. பொது வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஓராள் வரவேண்டும் என்பதே அவ்வழக்கம். கடைமடையில் அது, வீட்டுக்கு ஓராள், ஆளுக்கு ஓராண்டு, மடைக்கு ஒருவர் என்று ஆயிற்று. முறை முடிந்து திரும்புவோருக்கு முதலில் ஈறுகளில் குருதி கசியும். பின்னர் மயிர் உதிரும். அதன்பின் சிலர் பத்தாண்டு வாழ்ந்தனர், பலர் வாழவில்லை. நாற்பதைக் கடந்தோர் ஓராண்டு முழுமையும் தாங்குவதில்லை என்பதால் இளையோரே அனுப்பப்பட்டனர். வீடுகளை முறை சுற்றிச் சுற்றி வந்தது.

மூடிய மடையில் மோதும் வளி செந்நிறமாக ஒளிரும். ஊரின் எந்தச் சாளரத்திலிருந்து நோக்கினும் ஏழு செவ்விளக்குகள் வரிசையாகத் தெரியும். புதுமணத் தம்பதியர் அவ்விளக்குகளை நோக்கியே வணங்குவர். இறந்தோரை இறந்தார் என்று சொல்வதில்லை. விளக்கில் இருக்கிறார் என்பர். மேற்கரையிலிருந்து முற்காலத்தில் நன்றிச் செய்தியுடன் சரக்குக் கப்பல்கள் வந்தன. இக்காலத்தில் ஆளில்லாக் கப்பல்கள் வருகின்றன, செய்தி வருவதில்லை. மேற்கரைப் பள்ளிகளில் கடைமடையைப் பற்றிய பாடம் இருக்கிறதா என்பதை யாரும் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பதே நல்லது என்று ஊர் கருதியிருக்கலாம்.

இவ்வூரின் மடைச் சபைக்குத் தலைவர் தையல்நாயகி. வயது ஐம்பத்தாறு. அவருடைய கணவர் தாண்டவராயன் நான்காம் மடைக்குச் சென்று திரும்பி, மறு ஆண்டே விளக்கில் சேர்ந்தார். மகன் சிவநேசன் இரண்டாம் மடையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. அதன்பின் தலைமைக்கு வந்த தையல்நாயகி இரண்டு சீர்திருத்தங்களைச் செய்தார். ஒற்றைப் பிள்ளை உள்ள வீடுகளுக்கு முந்தைய தலைவர்கள் விலக்கு அளித்து வந்தனர். விலக்குப் பெற்ற வீடுகள் பெரும்பாலும் தலைவர்களின் உறவினர் வீடுகளாகவே அமைந்தன. அவர் அவ்விலக்கை ஒழித்தார். மேலும், தன் வீட்டைப் பற்றிய வழக்கில் தலைவர் கை தூக்கலாகாது என்று விதித்தார். ஊர் அவரை மெச்சியது.

பொதுச் சமையற்கூடத்தை நடத்திவந்த மரகதம் என்னும் கைம்பெண், தன் ஒரே மகன் கலியமூர்த்தியை விட்டுவிடும்படி ஒருமுறை சபையில் வேண்டினார். அவருக்குத் தையல்நாயகி அளித்த மறுமொழி ஊரறிந்தது.

"எங்க வூட்டுல ரெண்டு போயிருக்கு மரகதம். நான் வந்து கேட்டனா?"

கலியமூர்த்தி ஏழாம் மடைக்குச் சென்றான். திரும்பிவந்த சில மாதங்களில் விளக்கில் சேர்ந்தான்.

அடுத்த சுற்றில் முறை தையல்நாயகியின் வீட்டுக்கு வந்தது. அவ்வீட்டில் எஞ்சியிருந்தவள் மகள் அபயாம்பாள் மட்டுமே. இருபத்துமூன்று வயது, நீர்ச்சுத்திகரிப்புப் பிரிவில் பணி. அழைப்பு வந்த அன்று காலை அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தாயார் எதிரே அமர்ந்து உண்ணாமல் இருந்தார். அப்போது வானோக்ககத்தின் பொறுப்பாளரான ஹமீது வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க மாமா. என்ன, வாசல்லயே நட்டுவெச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் அபயாம்பாள்.

"அக்காகிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"கோவம் வருமா வராதான்னு கேட்டப்பறம்தான தெரியும்," என்றார் தையல்நாயகி. "உக்காரு. தோச சாப்புடு."

ஹமீது அமர்ந்தார். தட்டு வைக்கப்பட்டது. அவர் அதைத் தொடவில்லை.

"மடை வேணாம்க்கா. ஏழும் வேணாம். அது இல்லாட்டியும் கருந்துளை இப்புடித்தான் கெடக்கும்."

அபயாம்பாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. தையல்நாயகி ஹமீதின் முகத்தை நோக்கினார்.

"எம் மவளுக்கு முற வந்த அன்னிக்கு வந்து இத சொல்ற."

"அதுக்குப் பயந்துதான் வாசல்லயே நின்னேன்."

"சரி, சொல்லு."

"வளி தண்ணி இல்லக்கா. அவ்வளவுதான் விஷயம். நம்ம பெரியவங்க தண்ணியப் பாத்தே பழகுனவங்க. மேட்டுல தெறந்துவிட்டா கடைசிவரைக்கும் வந்து சேரும்னு நெனச்சாங்க. தண்ணி சேரும். வளி அப்புடி இல்ல. விழ விழச் சூடாவும். சூடானா உப்பும். உப்புனா வந்த வழியே கெளம்பிரும். தண்ணி என்னிக்காவது வாய்க்கால்ல திரும்பி மேல ஏறுமா? இது ஏறும்."

அபயாம்பாள் கையை நீரில் நனைத்து, காய்ந்த தோசைக்கல்லின் மீது உதறினாள். துளிகள் துள்ளின, ஓடின, காணாமற்போயின.

"இப்புடியா?"

"இதேதான் பாப்பா. இதுல எத்தன சொட்டு கல்லுல ஒட்டுச்சு?"

"ஒண்ணுகூட ஒட்டல."

"அங்கயும் நூத்துல ஒரு பங்கு உள்ள போனா அதிகம். போற அந்தக் கொஞ்சமும் அவ்வளவு மெல்லிசு. ஒளி விடறதுக்குள்ளயே விழுந்து முடிஞ்சிரும். திரள் சின்னப்புள்ளயா இருந்தப்ப வளி ஏராளமா, குளிர்ச்சியா கெடந்துச்சு. கொட்டுச்சு, எரிஞ்சுது. எரிஞ்ச வேகத்துல மிச்சத்த அதுவே ஊதித் தள்ளிருச்சு. பாதி விண்மீனாப் போச்சு. இப்ப அது தூங்கல, பட்டினி கெடக்குது. வெளிய பாருங்க, அண்டைத் திரள்ல பெரும்பாலும் எல்லாமே இப்புடித்தான் இருட்டாக் கெடக்கு. அங்கல்லாம் யாரு மடை கட்டுனா?"

"இத நான் மூணாங்கிளாஸ்ல கேட்டேன்," என்றாள் அபயாம்பாள். "வாத்தியாரு முட்டி போட வெச்சாரு."

ஹமீது சிரிக்க முயன்றார், முடியவில்லை. "இன்னொண்ணு இருக்கு. மடையில வர்ற கதிரு கருந்துளையிலேருந்து வரல. மடையிலேருந்தே வருது. நம்ம தடுக்கறதாலதான் வளி அங்க நசுங்கி எரியுது. தெறந்துவிட்டா அங்க ஒரு கதிரும் இருக்காது."

சட்னிக் கிண்ணத்தைத் தையல்நாயகி தட்டிலிருந்து எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். பிறகு மீண்டும் தட்டிலேயே வைத்தார்.

"எத்தன நாளாத் தெரியும் ஒனக்கு?"

"சந்தேகம் ரொம்ப வருஷமா. உறுதியாச் சொல்ற தைரியம் இப்பத்தான். எங்க வாப்பா மூணாவது மடைக்குப் போனவங்கக்கா. அவங்க சும்மா போயிட்டாங்கன்னு சொல்றதுக்கு எனக்கு மட்டும் ஆசையா?"

இவ்விடத்தில் தையல்நாயகியின் நிலையைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். ஹமீது கூறியது உண்மையாயின் மகள் பிழைப்பாள். ஆனால் கணவரும் மகனும் ஒரு தவறான கணக்குக்காக இறந்தவர் ஆவர். பொய்யாயின் அவர்கள் மேற்கரையைக் காத்தவர் ஆவர்; மகளும் அவர்களோடு சேர்வாள். இறந்த இருவரையும் உயிரோடுள்ள ஒருத்தியையும் ஒருசேரக் காப்பாற்றும் விடை எதுவும் இல்லை. அவர் மகளைத் தேர்ந்தார். அதை ஊர் மன்னிக்காது என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

சபை சமையற்கூடத்தில் கூடியது. ஊரில் அனைவரும் அமரத்தக்க இடம் அது ஒன்றே. ஹமீது விளக்கினார். தோசைக்கல் உவமையைக் கேட்டுச் சிலர் தலையசைத்தனர். பிறகு மரகதம் எழுந்தார். கையில் குழம்புக் கரண்டி அப்படியே இருந்தது.

"ஒரு சந்தேகம் தம்பி. எம் புள்ள போறப்ப இந்தத் தோசக்கல்லு எங்க இருந்துச்சு?"

மரகதம் கரண்டியால் தையல்நாயகியைச் சுட்டினார்.

"தலைவரம்மா மவளுக்கு முற வந்ததும் கருந்துளைக்குப் பட்டினி வந்துருச்சாக்கும்."

கூடம் சிரித்தது. அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. முதல் வரிசையில் அமர்ந்திருந்த வைரக்கண்ணு என்னும் முதியவர், மூன்று மக்களை மடைக்கு அளித்தவர், தரையை நோக்கியவாறே பேசினார்.

"பக்கத்துத் திரள்ல யாரு மடை கட்டுனாங்கற. கட்டியிருப்பாங்க. நம்மள மாதிரி யாராச்சும் இருப்பாங்க. நமக்குத் தெரியலங்கறதால இல்லன்னு ஆயிருமா?"

இதற்கு ஹமீதிடம் மறுமொழி இருந்தது. ஆனால் கூடத்தில் பலர் ஏற்கெனவே அம்முதியவரின் கூற்றை மெல்லத் தங்களுக்குள் திரும்பச் சொல்லத் தொடங்கியிருந்தனர்.

அப்போது அபயாம்பாள் எழுந்தாள்.

"மரகதம் அத்த, ஒரு ஆறு மாசம் தெறந்து வெச்சுப் பாப்பம். கதிர் இருக்கா இல்லியான்னு தெரிஞ்சிரும்."

"தெறந்தா ஒண்ணும் ஆவாதுன்னு ஒங்க அம்மா நம்புதா?"

"நம்புதுன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்பன்னா நீ அங்கயே போயி இரு. ஏழாவது மடையில. எம் புள்ள இருந்த எடத்துல. ஒண்ணும் ஆவாதுல்ல?"

சபை இதனை நியாயம் என்று ஏற்றது. மற்ற ஆறு மடைகளின் ஆள்கள் திரும்ப வேண்டும். அபயாம்பாள் மட்டும் ஏழாவதில் தங்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சபை மீண்டும் கூடி முடிவு செய்யும். தையல்நாயகி இதில் கை தூக்கவில்லை. விதி அவருடையது.

புறப்படுமுன் அபயாம்பாள் மார்பில் கதிர்ப்பட்டையை அணிந்துகொண்டாள். அது கதிர் பட்டால் வெண்மையிலிருந்து படிப்படியாகக் கறுக்கும் ஒரு சிறு தகடு. திரும்பி வந்தோர் யாருடைய பட்டையும் வெண்மையாக இருந்ததில்லை.

"கறுக்காம கொண்டாந்து குடுக்கறேன். ஃபிரேம் போட்டு மாட்டு," என்றாள் தாயிடம்.

மடைகள் திறக்கப்பட்ட அன்று ஏழு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைமடை தோன்றிய நாள்முதல் ஊர் காணாத இருள் அது. குழந்தைகள் அழுதனர். முதியோர் சாளரத் திரைகளை இழுத்து மூடினர். பின்னர் அனைவரும் கருந்துளை இருக்கும் திசையையே நோக்கியிருந்தனர். அது விழித்துவிடுமோ என்று அஞ்சியே நோக்குகின்றனர் என ஹமீது முதலில் எண்ணினார். ஓரிரு வாரங்களில் அவருக்கு உண்மை விளங்கியது. அவர்கள் அது விழிக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தனர். ஒரு சிறு பொறி தெரிந்தால் போதும். வீட்டுக்கு வீடு இறந்தவர்கள் அனைவரும் காவலர்கள் ஆகிவிடுவர்.

பொறி தெரியவில்லை.

வாரம் ஒருமுறை ஏழாம் மடையுடன் பேச முடிந்தது. சமையற்கூடத்து ஒலிபெருக்கியில் அபயாம்பாளின் குரல் வரும்.

"பட்ட வெள்ளயாத்தான் இருக்கு. சோறுதான் சரியில்ல. மரகதம் அத்த பக்கத்துல இருக்காங்களா? இருந்தா இத சொல்லல."

மரகதம் அப்போது அடுப்பருகில் நின்றிருந்தார். மறு வாரம் ஒலிபெருக்கிக்கு அருகில் வந்து நின்றார். அதற்கு மறு வாரம் முதல்முறையாகப் பேசினார்.

"அங்க கட்டில் எந்தப் பக்கம் இருக்கு?"

"சாளரத்துக்கு எதுத்தாப்புல அத்த. தலமாட்டுச் செவுத்துல கலியமூர்த்தி ஆணியால ஒரு பெரிய அண்டா கீறி வெச்சிருக்கான். பக்கத்துல கரண்டியோட ஒரு ஆளு. கோவமா நிக்குது. நீங்கதான்னு நெனைக்கிறேன்."

மரகதம் அடுப்புக்குத் திரும்பினார். அன்று இரு வேளைச் சமையலில் உப்பு இல்லை. யாரும் அதைக் குறிப்பிடவும் இல்லை.

ஆறு மாதம் நிறைந்தது. சபை கூடியது. அபயாம்பாளின் குரல் கூடத்தில் ஒலித்தது: "இருட்டா, அமைதியா இருக்கு. பட்ட வெள்ள. இன்னும் ஒரு தடவ சொல்றேன், வெள்ள. எனக்கு ஈறுல ஒண்ணும் இல்ல. நல்லாத் தூங்கறேன்."

ஹமீது அளவீடுகளை வாசித்தார். திறந்துவிட்ட வளியில் ஏறக்குறைய முழுவதும் சூடேறி வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. கருந்துளையின் ஒளியில் எவ்வித மாற்றமும் இல்லை.

வைரக்கண்ணு கையை உயர்த்தினார்.

"தம்பி, நீ பொய் சொல்லமாட்டே. அதனால ஒன்னயே கேக்குறேன். இன்னிக்குத் தெறந்துவிட்டது அங்க போய்ச் சேர எத்தன நாளாவும்?"

ஹமீது தயங்கினார். தையல்நாயகி அத்தயக்கத்தைக் கண்டார்.

"நேரா விழறது இதுக்குள்ள சேந்திருக்கணும்," என்றார் ஹமீது. "சுத்திச் சுத்தி வர்ற பங்கு... அது மெதுவாத்தான் வரும்."

"எவ்வளவு மெதுவா?"

"அறுவது, எழுவது வருஷம்கூட ஆவலாம்."

"அதுவரைக்கும் ஒன் கணக்கு சரியா தப்பான்னு யாருக்கும் தெரியாது."

"கணக்கு சரிதாங்கய்யா. ஆனா கண்ணால பாத்து முழுசா ஒத்துக்கணும்னா, ஆமா, அவ்வளவு நாள் ஆவும்."

"அப்ப நாம இருக்கமாட்டம். மேற்கரைப் புள்ளைங்க இருக்கும்."

"கதிரு மடையாலதான் வருதுங்கறது இப்பவே தெரிஞ்சு போச்சே. அந்தப் பொண்ணு பட்ட வெள்ளயா இருக்கே."

"மடையில நிக்கிறவனுக்குக் காலு நனையாம இருக்குமா? நனையுதுங்கறதுக்காக மடைய வேணாம்னு சொல்லுவியா?"

உண்மையை முழுமையாகக் கூறுபவன், அறியாததையும் சேர்த்தே கூற வேண்டியிருக்கிறது. ஹமீது அதைக் கூறினார், அதுவே போதுமானதாயிற்று. இறந்தவர்கள் மறுபடியும் காவலர்கள் ஆவதற்கு அறுபதாண்டு கால இடைவெளி கிடைத்துவிட்டது. கூடத்தில் பலர் முகத்தில் ஓர் இளைப்பாறல் தோன்றியதை மறுப்பதற்கில்லை.

கைகள் எண்ணப்பட்டன. மடைகளை மூடுக என்று ஒரு பாதி. திறந்தே விடுக என்று மறு பாதி. திறந்தே விடுக என்று எழுந்த கைகளுள் ஒன்றில் குழம்புக் கரண்டி இருந்தது.

அனைவரும் மரகதத்தைத் திரும்பிப் பார்த்தனர்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் அவர். "எம் புள்ள சும்மா போனான்னா போயிட்டுப் போறான். போனவன் போனவன்தான். அந்தப் பொண்ணக் கூப்புடுங்க."

எண்ணிக்கை சமம். சமமாயின் பழைய வழக்கமே நிற்கும் என்பது சபையின் விதி. தலைவரின் கை ஒன்று எழுந்தால் போதும். ஆனால் இது தலைவர் வீட்டு வழக்கு. அவ்விதியும் சபையின் விதியே. அதை எழுதிய கை மேசையின் மேல் கிடந்தது.

ஹமீது அவர் காதருகே குனிந்தார். "தூக்குங்கக்கா. யாரும் தடுக்கமாட்டாங்க. மரகதமே தூக்கிருச்சு."

"நான் தூக்குனா, அவ இத்தன மாசம் அங்க இருந்ததெல்லாம் அம்மா புள்ளயக் காப்பாத்துனதா ஆயிரும்."

"ஆனா ஆவட்டுமே."

"மத்த ஆறு மடைக்கும் ஆளு கெளம்பணும். ஏழாவதுல ஆளு இருக்கு," என்று வைரக்கண்ணு சொன்னார். அவர் குரலில் கொடுமை இல்லை. "முறையில பாதிதான் முடிஞ்சிருக்கு, தலைவரம்மா."

தையல்நாயகி கை தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை என்பதற்கு ஊரில் பல விளக்கங்கள் உண்டு. நேர்மை என்பர் சிலர். மரகதத்தின் மகனை அனுப்பிய பிறகு தன் மகளுக்காகக் கை தூக்கும் துணிவு இல்லை என்பர் சிலர். அவர் ஒலிவாங்கியை அருகில் இழுத்தார்.

"அபயா."

"சொல்லும்மா."

"சபை முடிவு பண்ணிருச்சு. மடைய மூடு."

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு குரல் வந்தது. அது மகளின் குரலாக இல்லை. பணியாளரின் குரலாக இருந்தது.

"சரிங்க, தலைவரம்மா."

சற்று நேரத்தில் ஏழாம் மடையில் செவ்விளக்கு ஒளிர்ந்தது. கூடத்தின் சாளரத்தருகே நின்றவர்கள் அதைக் கண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். ஒரு குழந்தை கைதட்டியது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டனர். ஏறக்குறைய அனைவருக்கும் நிம்மதியாக இருந்தது.

மறு வாரம் பட்டையைப் பற்றி அபயாம்பாள் எதுவும் கூறவில்லை. சோறு பற்றி மட்டும் கூறினாள். நன்றாக இருக்கிறது என்றாள்.

மீதி ஆறு மாதமும் முடிந்து அவள் திரும்பினாள். மரகதம் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார். ஈறுகள் புண்ணானதால் உப்பில்லாக் கஞ்சி. எட்டு மாதங்கள் கழித்து அவள் விளக்கில் சேர்ந்தாள்.

அடுத்த ஆண்டு பள்ளிப் பாடநூல் திருத்தி எழுதப்பட்டது. கருந்துளை பற்றிய பாடத்தைச் சரிபார்க்க ஹமீதுக்கு அனுப்பினர். அவர் அதை எடுத்துக்கொண்டு தையல்நாயகியின் வீட்டுக்கு வந்தார். மரகதமும் உடன் வந்தார். மடைகளைத் திறக்க வேண்டுமென்று மீண்டும் சபையில் கேட்கப் போவதாக இருவரும் முடிவு செய்திருந்தனர்; தலைவரின் ஒப்புதல் இல்லாமல் கேட்க இயலாது.

"இதப் படிங்கக்கா," என்று ஹமீது தாளை நீட்டினார்.

புதிய பகுதி சுருக்கமானது. "ஒருமுறை ஏழு மடைகளும் ஆறு திங்கள் திறந்துவிடப்பட்டன. அப்போதும் கருந்துளை விழிக்கவில்லை. ஏனெனில் ஏழாம் மடையில் அபயாம்பாள் இருந்தாள்."

தையல்நாயகி அதை இருமுறை படித்தார்.

"அவ எதுக்கு அங்க போனாளோ அதுக்கு நேர் எதிரா எழுதி வெச்சிருக்கானுவோ," என்றார் ஹமீது. "வரியெல்லாம் உண்மைதான். அந்த 'ஏனெனில்' மட்டும் பொய்."

"அவ பேரு இருக்கு."

"பேரு இருந்து என்னக்கா?"

"இருக்கட்டும்."

மரகதம் அருகில் வந்து அமர்ந்தார். "தையலு, இந்த வருஷம் கடைசி வூட்டு வேதையன் மவன் போவணும். பத்தொம்போது வயசு. தெறந்துரலாம். இப்ப நீ கை தூக்கலாம், இது ஒன் வூட்டு வழக்கு இல்ல."

"தெறந்தா?"

"தெறந்தா அந்தப் புள்ள பொழைக்கும்."

"எம் மவ?"

ஹமீது சபையில் முதன்முதல் விளக்கிய நாளிலிருந்து இதே வினாவைத் தம் மகனைக் குறித்துத் தமக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தவர் மரகதம். அதற்கு விடை இல்லை என்று அவருக்குத் தெரியும். விடை இல்லாமலேயே வாழ முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் அதை இன்னொருவருக்குக் கற்பிக்க முடியாது.

"பாடம் சரியா இருக்கு, தம்பி," என்று தையல்நாயகி தாளை மடித்துக் கொடுத்தார். "அச்சடிக்கச் சொல்லு. மடை தெறக்கற பேச்சு என் காலத்துல சபைக்கு வராது."

இருவரையும் வழியனுப்ப அவர் வாசலுக்கு வந்தபோது பள்ளி விடும் நேரம். அடுத்த தெருவிலிருந்து குழந்தைகள் ஓடி வந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி தலைவரம்மாவை வாசலில் கண்டதும் நின்று, தனக்குத் தோன்றிய ஒன்றைக் கேட்டாள்.

"தலைவரம்மா, பக்கத்துத் திரள்லயும் கருந்துளை தூங்குதாமே. அங்க யாரு இருக்கா?"

ஹமீது தையல்நாயகியை நோக்கினார். அவர் சிறுமியின் அவிழ்ந்திருந்த பின்னலை எடுத்து, நிதானமாக முடிந்துவிட்டார்.

"அங்கயும் வூட்டுக்கு ஒரு ஆளு இருப்பாங்கடா," என்றார். "ஓடு, நேரமாவுது."